தப்பு சாரும் இரண்டு காடுகளும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கோபம் தயாரிக்க ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தால், மூன்று ஷிப்டையும் தப்பு சார் ஒருவரே ஓட்டியிருப்பார். ஓவர்டைம்கூடக் கேட்டிருக்க மாட்டார். மற்றவர்கள் மூச்சு விடுகிற மாதிரி அவர் கோபப்படுவார். அதிலும் வம்பு என்னவென்றால், அத்தனையும் நியாயமான கோபம். அநியாயமாகக் கோபப்படுகிறவரிடம் திருப்பிக் கத்தலாம். இவரிடம் என்ன செய்வது?

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எதைப் பார்த்தாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை "தப்பு". டீக்கடைப் பலகையில் எழுத்துப்பிழை, தப்பு. பஸ் ஸ்டாண்ட் கடிகாரம் நாலு நிமிடம் பின்னால் ஓடுகிறது, தப்பு. ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, "பத்திரிகைல தேதியும் கிழமையும் ஒத்து வரல, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கியவர் அவர். போனில் கூப்பிடுகிறவர்களும் "தப்பு சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த போனை எடுத்த நான், "ஆமாங்க, தப்பு நம்பர்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்மேல் அவருக்கு வந்த முதல் கோபம் அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எஸ்டேட்டின் பின்பக்கத் தெருவில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வெளியார் கொடுக்கிற கணக்குகளைக் கம்ப்யூட்டரில் போட்டு அச்சடித்துக் கொடுப்பது தொழில். நான் கரையான்சாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து டைப் அடிக்கிற பெண். தப்பு சார் ஆவடிக்காரர். கணக்கில் பெரிய படிப்பு படித்தவர். எங்கள் முதலாளியை எம்.டி. என்று கூப்பிடுவோம். அவருக்குக் கணக்கும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. ஆனால் கோட்டு இருந்தது.

அந்த வருடம் ஒரு புது வேலை வந்தது. மலைச்சரிவுகளில் மரக்கன்று நடத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அலுவலகம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. பூமி சூடாகிக்கொண்டே போனால் அந்த மலைக்காடுகள் என்ன ஆகும்? இதை நான் வீட்டில் சொன்னபோது என் அம்மா, "வெயிலு ஜாஸ்தியானா காஞ்சி பூடும். இத்த சொல்றதுக்கு ஒரு ஆபீசா?" என்று கேட்டாள்.

அம்மா சொன்ன அளவுக்கு அது சுலபமில்லை. வெளிநாட்டு விஞ்ஞானிகள் எழுதிய இரண்டு புரோகிராம்கள் பிளாப்பியில் வந்து இறங்கின. அவற்றை மாடல் என்பார்கள். ஓர் இடத்தின் மழை, வெயில், மண் இவற்றைக் கொடுத்தால், அங்கே என்ன காடு வளரும் என்று மாடல் சொல்லும். வெயிலைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால், அப்போது அந்தக் காடு என்ன ஆகும் என்றும் சொல்லும். இரண்டு மாடல்களுக்கும் ஒரே மழை, ஒரே வெயில் கொடுத்து, பதில்களை ஒப்பிட வேண்டும். அதுதான் தப்பு சாரின் வேலை. மழைக்கணக்கை டைப் அடிப்பது என் வேலை.

முதல் வாரமே சண்டை. ஒரு மாடல் ஓடி முடிக்க ஒரு பகல் முழுக்க ஆகும். மத்தியானம் கீழே பெரிய லேத்தைப் போட்டால் மின்சாரம் ஒரு நொடி தொய்யும், கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். பாதி வளர்ந்த காடு போய்விடும். மூன்றாவது நாள் தப்பு சார் கீழே இறங்கினார். பட்டறைக்காரர் பூந்தமல்லி பாய், நிதானமான மனிதர். என்ன ஆகுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நீங்க மிஷின் போட்டா என் காடு செத்துப் போவுது" என்றார் தப்பு சார்.

பாய் மாடியை அண்ணாந்து பார்த்தார். "மேல காடா வெச்சிகினு கீறீங்க?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு."

"நெஜக் காடு இல்லியே?"

"நெஜக் காட்டப் பத்தின காடு."

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "அது எத்தினி மணிக்கு மொளைக்குது, எத்தினி மணிக்கு முடியுது, அத்த சொல்லு நைனா. பெரிய மிஷின நான் அதுக்கு அப்பால போட்டுக்கறேன்."

கத்தத் தயாராக வந்தவருக்குக் கத்த எதுவும் கிடைக்கவில்லை. பட்டறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்த காலண்டர்ல போன மாசம் தொங்குது. தப்பு" என்று சொல்லிவிட்டு மேலே வந்தார்.

மாடல்களை நம்புவதற்கு முன் ஒரு பரிசோதனை உண்டு. இன்றைய மழையையும் வெயிலையும் கொடுத்து, இன்று இருக்கிற காட்டைச் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாடல்கள் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அதில் ஒரே கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். இரண்டு மாடல்களும் ஒரே குரலில் சொல்லின. காடு.

தப்பு சார் ஜன்னலைத் திறந்தார். எதிரில் புகைபோக்கி, இரும்புக் கழிவு, லாரி. "எங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார், நான்தான் அதை எடுத்து ஒளித்துவைத்த மாதிரி.

மறுநாள் காகிதத்தோடும் டேப்போடும் கிளம்பிவிட்டார். எழுதிக்கொள்ள நான். பக்கத்திலிருக்கும் மேனாம்பேட்டில் ஒரு வேப்பமரத்தைச் சுற்றி டேப்பைப் போட்டபோது, அந்த வீட்டுப் பெண்மணி வெளியே வந்தாள்.

"இன்னாத்துக்கு எங்க மரத்த அளக்குற?"

"இந்த எடம் பூரா காடு இருக்கணும்மா."

"யாரு சொன்னது?"

"கம்ப்யூட்டர்."

"அப்ப எங்க ஊடு?"

தப்பு சாருக்குப் பொய் வராது. "அதுல ஊடு இல்ல" என்றார்.

அவ்வளவுதான். நிலத்தை எடுக்க ஆபீசர் வந்திருக்கிறார், கம்ப்யூட்டரில் வீடுகளை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கச் செய்தி பரவியது. இருபது பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், மறுமுனையை சார் விடவில்லை. "நாங்க மூணு தலமொறையா கீறோம், எங்கள இல்லேன்னு சொல்றதுக்கு அது யாருய்யா?" என்று அவர் கத்த, அவரைவிடப் பெரிய குரலில் சார், "அதத்தான்யா நானும் கேக்கறேன். இத எழுதினவன் மனுஷனையே கணக்குல சேக்கல. காட்ட வெட்டினவனும் அதுல இல்ல, ஊடு கட்டினவனும் இல்ல. எவ்வளோ பெரிய தப்பு பாருங்க" என்றார். கூட்டம் குழம்பிப்போனது. சண்டை போட வந்தவர்களைவிட அதிகக் கோபத்தில் இருக்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? கடைசியில் அந்தப் பெண்மணியே அவருக்கு மோர் கொடுத்து, "ஆத்திரப்படாத சாரு, ஒடம்புக்கு ஆவாது" என்று அனுப்பிவைத்தாள்.

ஊரும் வயலும் இருக்கிற கட்டங்களை அன்றே அவர் ஒதுக்கிவிட்டார். நிஜமாகவே காடு மிச்சமிருக்கிற மலைகளை மட்டும் ஒப்பிட்டார். இன்றைய காட்டை இரண்டு மாடல்களும் ஏறக்குறையச் சரியாகச் சொல்லின. வெயிலை ஏற்றியதும்தான் இரண்டுக்கும் முட்டிக்கொண்டது. ஒரு மாடல், மலைச்சரிவில் காடு இன்னும் அடர்த்தியாகும் என்றது. இன்னொன்று, அதே சரிவு காய்ந்து முள்ளுக்காடாகும் என்றது. முதலாவதற்குத் தாராளம், இரண்டாவதற்குக் கஞ்சன் என்று சார் பெயர் வைத்தார்.

ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்.

"இலைல சின்னச் சின்ன வாய் இருக்கும்மா. கரியமில வாயுவ குடிக்க அது தொறக்கும். தொறந்தா உள்ள இருக்கற தண்ணி வெளிய போயிடும். பூமிய சூடாக்கறதே அந்த வாயுதான். ஆனா காத்துல அது ஜாஸ்தியானா, வாயக் கொஞ்சமா தொறந்தாலே போதும், தண்ணி மிச்சமாகும், மரம் பொழைச்சுக்கும்னு தாராளம் நம்புது. கஞ்சன் அத நம்பல. சண்டை அவ்வளோதான்."

"எது சார் நெஜம்?"

"தெரியாது" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவரிடம் கோபமே இல்லை.

கோபத்தை எம்.டி. வரவழைத்தார். "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடுங்க சார். அவங்களுக்கு ஒரு மேப் போதும், பச்சையா அழகா."

"அடர்காட்டையும் முள்ளுக்காட்டையும் கூட்டி வகுத்தா என்ன வரும்?"

"மீடியம் காடு."

"ஒரு டாக்டர் ஆளு பொழைச்சுக்குவாருங்கறாரு. இன்னொருத்தர் செத்துடுவாருங்கறாரு. பாதி பொழைப்பாருன்னு வீட்ல போய் சொல்லுவீங்களா?"

எம்.டி. சிரித்தார். சார் சிரிக்கவில்லை. "அந்த மேப்ப வெச்சுதான் கன்னு நடப்போறாங்க. இருக்கற புதரயெல்லாம் வெட்டிட்டு, மீடியம் காட்டுக்குன்னு ஒரு மரத்த நடுவாங்க. தாராளம் சொன்ன மாதிரி ஆனாலும் அது அங்க நிக்காது. கஞ்சன் சொன்ன மாதிரி ஆனாலும் நிக்காது. ரெண்டு வழிலயும் சாகற மரத்த தேடிப் புடிச்சு நடச் சொல்றீங்க" என்றார். மேசையை ஓங்கித் தட்டியதில் எம்.டி.யின் பேனா ஸ்டாண்ட் கீழே விழுந்தது.

எம்.டி. அசரவில்லை. வேறு ஆளை வைத்துச் சராசரி வரைபடத்தைத் தயாரித்தார். கேள்வி கேட்ட அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமை ஒரு அம்மாள், வனத்துறையில் நெடுநாள் இருந்தவர். தப்பு சார் வாயைத் திறக்கக் கூடாது என்று எம்.டி. வாக்கு வாங்கியிருந்தார். சார் கடைசி நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாள் வரைபடத்தில் ஒரு சரிவைத் தொட்டார். "இங்க என்ன மரம் இருக்கும்?"

"மீடியம்தான் மேடம்."

"நான் மரத்தோட பேரக் கேட்டேன்."

எம்.டி. வரைபடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"தப்பு."

சார் தன் பையிலிருந்து இரண்டு வரைபடங்களை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார். இலையின் வாயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். அந்த அம்மாள் சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "அப்ப செவப்பு போட்ட எடத்துல இப்ப கை வைக்க வேணாம். இருக்கறது அப்படியே இருக்கட்டும். ரெண்டும் ஒத்துப்போற எடத்துல ஆரம்பிக்கலாம். ரிப்போர்ட்ல ரெண்டு மேப்பும் வரணும்" என்றார்.

வேலை கையைவிட்டுப் போகவில்லை. எம்.டி.க்கு அதில் குறையும் இல்லை. இருந்தாலும் அடுத்த வாரமே சாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஆபீஸ் மானம் போய்விட்டதாம். அதோடு விடவில்லை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலிருந்து சாரின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொன்னார், என்னிடம்.

எனக்கு அதற்குமுன் அப்படிக் கோபம் வந்ததில்லை. "நான் எடுக்க மாட்டேன் சார், வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க" என்றேன். எம்.டி. என் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினார். பெயர் போகவில்லை, முன்னுரை போய்விட்டது. கடைசியில் அச்சடித்த தாளில் வெள்ளை மையைத் தடவி, மேலே தன் பெயரைப் பேனாவால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தார்.

இதைச் சொல்லி அழ சாரைத் தேடி ஆவடிக்குப் போனேன். ரிப்போர்ட்டின் நகல் ஒன்று எப்படியோ அவருக்கு வந்துவிட்டிருந்தது.

"உங்க பேர எடுத்துட்டாங்க சார்."

"பேரு கெடக்கட்டும். பதினேழாம் பக்கத்துல மழை போடற எடத்துல வெயிலப் போட்டிருக்கான், பாத்தியா? இத யாரு படிச்சுப் பாத்தது?" என்று என்மேல் பாய்ந்தார். அரை மணி நேரம் திட்டினார். அவர் மனைவி நடுவில் வந்து காபியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

சில மாதங்களில் அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று ஆவடி பஸ் நிலையத்துக்குப் போனேன். ஆபீஸ் நேரத்தில் ஏன் வந்தாய் என்று அதற்கும் கோபம். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே விரலை நீட்டித் தொடர்ந்து ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும், "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டிக்கொண்டே நின்றிருந்தேன்.