மொட்டைக் கடுதாசி

பவானிபூர் மெஸ்ஸில் நாங்கள் இருந்த காலத்தில், "பிள்ளை கல்கத்தாவில் ஒழுங்காக இருக்கிறான்" என்று எங்கள் தகப்பனார்களில் ஒருவர்கூட ஒரு வாரம் சேர்ந்தாற்போல் நம்பியது கிடையாது. அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மொட்டைக் கடுதாசி.

உண்மையில் அவர் எழுதியது எதுவும் மொட்டைக் கடுதாசி அல்ல. பெயர், உத்தியோகம், விலாசம் எல்லாம் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்தும் இடுவார். மொட்டையாக இருந்தது அவர் தலை மட்டும்தான். ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. வயது முப்பது, கல்யாணம் ஆகவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு, எங்கள் பதின்மூன்று பேரில் இன்றைக்கு எவன் கெட்டுப்போக ஆரம்பித்திருக்கிறான் என்று பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

ராமசேஷன் என்று ஒருவன். அவன் அப்பாவுக்கு இவர் எழுதினார்: "தங்கள் குமாரன் மூன்று நாளாகப் பல் தேய்க்கும்போது பாடுகிறான். விசாரித்ததில் நாடகப் பாட்டு என்று தெரிகிறது." பாவம், அந்த மனிதர் தஞ்சாவூரிலிருந்து ரயிலேறி, புழுதியும் கரியுமாக ஹௌராவில் வந்து இறங்கினார். இரண்டு நாள் கிணற்றடியில் காவல் இருந்தார். பையன் பாடவில்லை. பயத்தில் பல்லும் தேய்க்கவில்லை. "பாட்டு இருக்கட்டும் ஸ்வாமி, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கோ" என்று மெஸ்காரர்களிடம் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

இன்னொருவன் குடுமியை எடுத்து கிராப்பு வைத்துக்கொண்டான். அவன் தலைமுடி வளர்வதற்குள் கடிதம் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அவன் அம்மா நாலு நாள் சாப்பிடவில்லை.

"ஏன் ஸார், உங்களுக்கு வேற வேலையே கிடையாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இருக்கு. இதை முடிச்சுட்டுப் பாக்கறேன்" என்றார், பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வைத்தி என் அறைக்காரன். பதினெட்டு வயசு. காலேஜ் பரீட்சையில் தோற்றுப்போனதை வீட்டுக்குச் சொல்லவில்லை. தினம் புத்தகத்தோடு கிளம்புவான், வகுப்புக்குப் போகமாட்டான். காளிகாட் பக்கம் ஆதிகங்கைப் படித்துறையை ஒட்டி ஒரு பழைய வீடு. அங்கே பாய் விரித்து அபினி புகைக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. அதில் போய்ச் சேர்ந்தான். கூட வா என்று என்னையும் இரண்டு தடவை அழைத்துப்போனான். மெஸ் பந்தியில் எல்லோரோடும் உட்காருவதை நிறுத்தினான். யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடுவான்.

மொட்டைக் கடுதாசி வழக்கம்போல் அவன் அப்பாவுக்கு எழுதினார். பதில் ஒரு தபால் கார்டில் வந்தது. கார்டு வந்தால் யார் கையில் கிடைக்கிறதோ அவர் உரக்கப் படிப்பது எங்கள் மெஸ் சம்பிரதாயம். அன்றைக்கு வாங்கிய ராமசேஷன் பாதி படித்தபிறகுதான் நிறுத்தினான்.

"அவன் எனக்குப் பிள்ளை இல்லை. அவனுக்குச் சோறு போட வேண்டாம்."

வைத்தி மோருஞ்சாதத்தைக் கலந்தபடி உட்கார்ந்திருந்தான். எழுந்து கை கழுவினான். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போனான். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. சாயங்காலம் வந்துவிடுவான் என்று நினைத்தோம்.

வரவில்லை. அந்தப் பழைய வீட்டிலும் இல்லை. மொட்டைக் கடுதாசி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, குடையும் தலைப்பாகையுமாகப் படித்துறை படித்துறையாகத் தேடினார். "வைத்தீ, வைத்தீ" என்று அவர் கத்துவதைக் கேட்டு வங்காளிக் குழந்தைகள் பின்னாலேயே "போய்தீ, போய்தீ" என்று கூவிக்கொண்டு ஓடின. மெஸ்ஸில் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இரண்டு மாதம் கழித்து தர்ம ஆஸ்பத்திரியில் அகப்பட்டான். காய்ச்சலில் எங்களை அடையாளம் தெரியவில்லை. மறுநாள் போய்விட்டான். தந்தி கொடுத்தோம், அப்பா வரவில்லை. நாங்கள் நாலு பேர் தூக்கினோம். மொட்டைக் கடுதாசி கொள்ளி வைத்தார்.

அதற்கப்புறம் அவர் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. மெஸ் சந்தோஷப்பட்டது. என்னைச் சொன்னால் வெட்கக்கேடு. அறையில் காலியாகக் கிடந்த பாதியைப் பார்க்க முடியாமல், நானும் அந்தப் பழைய வீட்டுக்கே போக ஆரம்பித்தேன். எனக்கு அப்பா இல்லை. கும்பகோணத்தில் அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. இனிமேல் யாருக்குப் பயம்?

ஒரு சனிக்கிழமை பிற்பகல். கதவைத் தள்ளிக்கொண்டு மொட்டைக் கடுதாசி உள்ளே வந்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் குடையை மூலையில் வைத்துவிட்டு, பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன ஸார், இங்கே?"

"சும்மாத்தான். கிளம்பறச்சே சொல்லு, சேர்ந்து போலாம்."

மறுநாளும் வந்தார். அடுத்த மூன்று வாரமும் வந்தார். புகையில் இருமினார். பாயில் மூட்டைப்பூச்சி என்றார். தமக்கு எட்டு வருஷமாக இருந்த மலச்சிக்கலையும் அதற்குச் சாப்பிட்ட கஷாயங்களையும் தப்புத் தப்பான வங்காளியில் விவரித்தார். சொர்க்கத்தில் மிதக்க வந்தவர்களுக்குக் கடுக்காயைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும்? கடைசியில் அந்தக் கூட்டத்தின் தலைவன் என்னைத் தனியே அழைத்துக் கும்பிட்டான். வங்காளிக்கு அண்ணா என்றால் தாதா. "உன் தாதாவை இனிமேல் அழைத்துவராதே. நீயும் வராதே."

அபினிக் கூட்டம் தள்ளிவைத்த ஒரே தமிழன் நான்தான். ஆத்திரம் தாங்கவில்லை. ட்ராம் தண்டவாளத்தின் ஓரம் நின்று கத்தினேன்.

"உமக்கு என்னதான் ஓய் வேணும்?"

அவர் குடையை விரித்து மடக்கினார்.

"ஒண்ணும் வேண்டாம்டா. அவன் விஷயமா எழுதினேன். போய்ப் பக்கத்துல உக்காந்திருக்கணும். எனக்கு அது தோணலை."

வழியில் புடலங்காய் வாங்கினார். அதை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். அன்று பந்தியில் அவர் பக்கத்து இலை என்னுடையது. அப்புறம் இரண்டு வருஷம் அப்படித்தான். கெட்ட நாட்கள் வரவில்லை என்று சொல்லமாட்டேன். உடம்பு அபினிக்கு ஏங்கிச் சுருண்டு கிடந்த நாட்களில் அறை வாசலில் நாற்காலி போட்டு, உள்ளே பார்க்காமல், பழைய பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பரீட்சையில் தேறினேன். நன்றாகத் தேறினேன் என்று யாரும் சொல்லவில்லை.

கம்பெனி அவரை ரங்கூனுக்கு மாற்றியது. கப்பலேற்றப் படகுத்துறைக்கு நான் மட்டும்தான் போனேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். "மூக்கைத் துடை, எல்லாரும் பாக்கறா" என்று அதட்டிவிட்டுப் படியேறினார். ஆறு மாதத்தில் அங்கே காலராவில் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

என் அப்பா போனபோது எனக்கு ஏழு வயசு. அழுததாக ஞாபகம் இல்லை. அந்த அழுகையையும் சேர்த்து அன்றைக்கு அழுது தீர்த்தேன்.