மூணேகால் மாமா

எங்கள் பக்கத்தில் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கு ஒன்பது வரைதான் எண்ணத் தெரியும். பத்தாவது ஆள் வேலைக்கு வந்துவிட்டால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் பதிய வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடித்து, முதலாளி தன் பங்காக மூணேகால் சதவீதம் சேர்த்து, மாதாமாதம் கட்ட வேண்டும். அதனால் எங்கள் ஊர்களில் பத்தாவது ஆள் என்று ஒருவர் பிறப்பதே இல்லை. (வேலை மட்டும் செய்வார்.)

பாப்பாரப்பட்டிக்கு வெளியே நான் நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். அப்போது பதினேழு பெண்கள் தைத்தார்கள். வருகைப் பதிவில் ஒன்பது பேர் இருந்தார்கள். மீதி எட்டுப் பேரை நான் மனதில் வைத்திருந்தேன். மூணேகாலை மிச்சம் பிடிப்பதற்கு நிர்வாகத் திறமை என்று பெயர் வைத்து, கல்யாண வீடுகளில் நாலு பேருக்கு யோசனைகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆய்வுக்கு யாராவது வந்தால் என்ன செய்வது என்பதும் முடிவாகியிருந்தது. மெயின் ரோட்டு டீக்கடைக்காரர் போன் செய்வார். எட்டுப் பேரும் பின்பக்கச் சுவரேறிக் குதித்து மரவள்ளிக் காட்டுக்குள் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருமுறை ஒத்திகைகூடப் பார்த்தோம். நன்றாகவே குதித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்த போன் வந்தது. "ஆபீஸ் ஜீப்புங்க. ஒரு மேடம் உங்க யூனிட்டுக்கு வழி கேட்டாங்க."

நான் கைதட்டினேன். எட்டுப் பேரும் எழுந்தார்கள். செல்வி மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒத்திகை நடந்தபோது அவள் ஒல்லியாக இருந்தாள்.

"அந்தச் செவுத்த இவ ஏறணுங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர் மாதம்மாக்கா.

"மெதுவா ஏறுனா..." என்றேன்.

"வயித்துப் புள்ளக்காரிங்க. நீங்க வேணா ஏறிக் காட்டுங்க, நாங்க பாக்கறோம்."

செல்வி போகாமல் நாங்களும் போகமாட்டோம் என்று மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. பதற்றத்தில் சிலருக்கு மூளை வேலை செய்யாது. எனக்கு அப்படியாவது ஆகியிருக்கலாம்.

"வளைகாப்பு," என்றேன். "செல்வி என் தங்கச்சி. நீங்க எல்லாம் வளைகாப்புக்கு வந்த சொந்தக்காரங்க."

மாதம்மாக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "சாமி படத்துக்கிட்ட இருக்கற மஞ்சா குங்குமம் எடுங்கடி," என்றார்.

அதற்குப் பிறகு எதுவும் என் கையில் இல்லை. ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையல்களைக் கழற்றித் தட்டில் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு. வளைகாப்புப் பந்தி தானாக அமைந்துவிட்டது. (ஒரு டப்பாவில் களி இருந்தது. அதையும் வரிசையில் வைத்தார்கள்.) நாற்காலியில் பூப்போட்ட நைட்டித் துணியை விரித்து செல்வியை உட்காரவைத்தபோது அதிகாரி உள்ளே வந்தார்.

"தையல் யூனிட்டுன்னு சொன்னாங்களே சார்?"

"யூனிட்தான் மேடம். தங்கச்சிக்கு வளைகாப்பு. வூட்டுல எடம் பத்தல."

"வேலை செய்யறவங்க எத்தன பேரு?"

"ஒம்பது பேரு மேடம். மத்தவங்க விருந்தாளிங்க."

"மிஷின் பதினேழு இருக்கே?"

"ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணு வேணுமில்லீங்களா."

விருந்தாளிகள் எல்லோர் கழுத்திலும் இன்ச் டேப் தொங்குவதை நான் அப்போதுதான் கவனித்தேன். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, செல்வியின் கன்னத்தில் மஞ்சள் பூசி, இரண்டு வளையல்களைப் போட்டுவிட்டார்.

செல்வி அழ ஆரம்பித்தாள்.

அவள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். கணவன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறான். ஆற்றில் வெள்ளம் வந்து பரிசலை நிறுத்திவிட்டால் இவள் சம்பளம்தான் சோறு. பிறந்த வீடும் புகுந்த வீடும் கதவைச் சாத்திவிட்டன. அவளுக்கு வளையல் போட ஆளே இல்லை என்பது அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுற்றி நின்ற பெண்கள் நடித்துக்கொண்டிருக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

"அண்ணன் வூட்டுச் சீரு எங்கீங்க?" என்று மாதம்மாக்கா கேட்டதும் நெஞ்சு சரியாகிவிட்டது.

அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதம்மாக்கா என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

எல்லோரும் சாப்பிட்டோம். அதிகாரி களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "ஒம்பது பேருதானே?" என்று பேனாவைத் திறந்தார். எனக்கு உயிர் வந்தது. மோதிரம் போனாலும் யூனிட் தப்பித்தது.

அப்போது இரண்டு மணி பெல் அடித்தது.

விருந்தாளிகள் எழுந்தார்கள். கை கழுவினார்கள். நேராக அவரவர் மிஷினுக்குப் போய் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார்கள். செல்விகூட, கன்னத்தில் மஞ்சளோடு, வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பாதியில் விட்ட நைட்டியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். பெல் அடித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது என்று அவர்களைப் பழக்கியவன் நான்தான்.

பதினேழு மிஷினும் ஓடும் சத்தத்தில் அதிகாரி கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. "ரொம்ப நல்ல சொந்தம் சார் உங்களுக்கு. விசேஷத்துக்கு வந்த எடத்துல கூட சும்மா இருக்க மாட்டேங்கறாங்க."

பதினேழு பேரையும் எழுதிக்கொண்டார். பழைய பாக்கி, வட்டி என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். கிளம்பும்போது, "ஒழுங்கா கட்டியிருந்தீங்கன்னா செல்விக்குப் பிரசவ லீவு சம்பளத்த ஈ.எஸ்.ஐ. குடுத்திருக்கும். இப்ப நீங்கதான் குடுக்கணும். உங்களுக்கு அது கஷ்டமா இருக்காது, தங்கச்சிதானே?" என்றார்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது.

"கட்டிக்கிட்டு வந்தப்ப இல்லாத நாத்தனாரு இப்ப எப்படிங்க வந்தா?" என்றாள் என் மனைவி கவிதா. பிறகு என் விரலைப் பார்த்தாள். மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக்குக் கிளம்பினாள். "வளைகாப்புக்குப் பொடவ எடுக்காத அண்ணன் வூடு எங்கியாச்சும் இருக்குதா?" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை அடித்தார்கள். அதே மடியில் வைத்துக் காது குத்தினார்கள். குழந்தை என் கையைக் கடித்தது. தோடு, கொலுசு, பாவாடை எல்லாம் நான். பூப்பு நன்னீராட்டும் கல்யாணமும் பாக்கி இருக்கின்றன. மூணேகால் சதவீதத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். கவிதா சொல்லிக்கொடுத்து, அந்தப் பெண் இன்றைக்கும் என்னை மூணேகால் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளியில் மாமா பெயரைக் கேட்டபோதும் அதையே சொன்னாளாம்.

போன மாதம் செல்வி வெட்கப்பட்டுக்கொண்டே என் மேஜைக்கு வந்தாள். இரண்டாவது முறை. இந்தத் தடவை எனக்குப் பயமே இல்லை. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் கவலப்படாத செல்வி. ஆஸ்பத்திரி, லீவு சம்பளம், எல்லாத்தையும் ஈ.எஸ்.ஐ. பாத்துக்கும்."

"அது கம்பெனி குடுக்கறதுங்கண்ணா," என்றாள் செல்வி. "அண்ணன் வூட்டுச் சீரு தனிங்களே."