இல்லாத இதய நோயும் மச்சானின் மொட்டையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கு இதய நோய் இருந்ததே இல்லை. ஆனாலும் நான்கு மாதங்கள் இதய நோயாளியாக வாழ்ந்திருக்கிறேன், அதுவும் மிக வசதியாக. இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கண்டி நகரத்தில் ஒரு தனியார் கம்பெனியில், வாடிக்கையாளர் முறைப்பாடுகளைத் தொலைபேசியில் கேட்கும் வேலை. தமிழில் ஏசுவார்கள், சிங்களத்தில் ஏசுவார்கள். ஆங்கிலக்காரர்கள் ஏசமாட்டார்கள், மிகவும் மனம் வருந்துவதாகச் சொல்லி மேலாளருக்குக் கடிதம் எழுதிவிடுவார்கள். மூன்று தரப்பிடமும் ஒரே குரலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்று வருடம் கேட்டேன். ஒருநாள் தொலைபேசி மணி அடித்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை ஜில்லிட்டது. மூச்சு தொண்டையோடு நின்றுவிட்டது.

பிறகு அது பழகிப்போனது. பஸ்ஸில் ஆள் நெருக்கினால் வரும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் வரும். கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாடகை வீடு. அந்தக் குட்டித் தூரத்துக்குள் மூச்சு வாங்குவதற்காக இரண்டு முறை பஸ்ஸை விட்டு இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறுவேன். (என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து ஒரு கொண்டக்டர் ஒரு வாரம் நடுங்கியிருக்கிறார். பாவம், அவருக்கும் படபடப்பு.)

டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். "உங்கள் இதயம் அருமையாக இருக்கிறது. கஷ்டப்படுவது நரம்பு மண்டலம்தான். ஓர் உளவளத்துணையாளரைப் பாருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லி, துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அருமையான இதயம் என்றதும் ஏமாற்றமாக இருந்தது. இத்தனை அமர்க்களத்துக்கு ஒரு சின்ன அடைப்பாவது இருக்கக்கூடாதா?

அந்த உளவளத்துணை நிலையம் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் இருந்தது. பெயர்ப்பலகையை மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். எனக்கு மூன்று மொழிகளிலும் கூச்சம். எங்கள் ஆட்களிடம் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொன்னால், மறை கழண்டுவிட்டது என்று முடிவே கட்டிவிடுவார்கள். ஆனால் கடவுள் என் பக்கம் இருந்தார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் இதய வைத்தியரின் கிளினிக் இருந்தது. வாசல் ஒன்றுதான். உள்ளே போகிறவன் நேராகப் போகிறானா, படியேறுகிறானா என்று தெருவில் நிற்பவனுக்குத் தெரியாது.

என் மனைவி மல்லிகா பாலர் பாடசாலை ஆசிரியை. இரண்டாவது வாரமே கேட்டுவிட்டாள்.

"என்னங்க, வியாழக்கெழமையானா எங்க போறீங்க?"

"ஹார்ட் கிளினிக்குக்கு."

அவள் முகம் வெளுத்தது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பெருசா ஒண்ணுமில்ல, சும்மா செக் பண்ணத்தான்" என்றேன், பெரிதாக என்னவோ இருக்கிறவன் சொல்லும் குரலில்.

மாடியில் இருந்தவர் ரிஸ்னா மிஸ், அலவத்துகொடைக்காரர். முதல் நாள் நான் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, எனக்கு மூளையில் கோளாறு இல்லை என்பதற்கு ஆதாரமாக என் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகளைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க எந்த ஊரு?"

"மடுல்கெல்ல பக்கம் ஒரு தோட்டம் மிஸ்."

"அப்ப புலி கண்டிருப்பீங்களே. தேயிலைக்குள்ள புலி வந்தா ஒடம்பு என்ன செய்யும்? நெஞ்சு அடிக்கும், கை குளிரும், ஓடச் சொல்லும். அது நல்லதுக்குத்தான். இப்ப டெலிபோன் அடிச்சாலும் புலி வந்திட்டிண்டு ஒங்கட ஒடம்பு நெனக்குது. அதை ஏசாதீங்க. புலி இல்லண்டு மெல்ல மெல்லக் காட்டிக் குடுப்போம்."

காட்டிக் கொடுத்தார். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி உட்காரச் சொன்னார். மூச்சை உள்ளே இழுப்பதைவிட அதிக நேரம் வெளியே விடச் சொன்னார். சில நாள் பாயில் படுத்து, ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை வயிற்றிலும் வைத்து, மூச்சை விடும்போது "ம்ம்ம்" என்று முனக வேண்டும். எந்த வாடிக்கையாளரின் குரல் என்னை அதிகம் ஆட்டுகிறது, அது யாருடைய குரலை நினைவூட்டுகிறது என்றும் பேசினோம். (பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அவரைப் பற்றி மட்டும் மூன்று வியாழக்கிழமைகள் போயின.) மந்திரம் மாதிரி ஒரே நாளில் மாறவில்லை. ஆனால் மூன்றாம் மாதம், ஒரு மனிதர் என் பரம்பரையையே இழுத்து ஏசிக்கொண்டிருக்க, என் பாதங்கள் தரையில் இருப்பதை உணர்ந்தபடி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறினால் வீடு வரை போனேன்.

வீட்டில் வேறு கதை நடந்தது. கறியில் உப்புக் குறைந்தது. தேங்காய்ப்பால் மறைந்தது. காலையில் வல்லாரைக் கஞ்சி. காஸ் சிலிண்டரை மல்லிகாவே படியில் உருட்டி ஏற்றினாள். நான் எழுந்தால், "நீங்க இருங்க, நீங்க இருங்க" என்பாள். நானும் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. அவள் மெலிந்து வருவதைப் பார்த்து, உப்பில்லாத சாப்பாடு அவளுக்கும் நல்லதுதான் என்று நினைத்த மடையன் நான்.

அவள் தன் அண்ணனிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லியிருந்தாள். அண்ணன் சிவலிங்கம், மடுல்கெல்லையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோள் தொடும் சுருட்டை முடி வைத்திருந்தவர். தொலைபேசியில் பேசுவதற்கு முன்பே தலைவாரிக்கொள்ளும் மனிதர். அவர் இரகசியமாகத் தன் மனைவியிடம் சொல்ல, அங்கிருந்து அது தோட்டத்துக்கே இரகசியமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு நோய் என்றால் தனியாகப் போய்ப் பார்க்கும் வழக்கம் கிடையாது. வேன் பிடித்துத்தான் போவோம்.

அந்த வியாழக்கிழமை நான் மாடியில் பாயில் படுத்து முனகிக்கொண்டிருந்தேன். கீழே சலசலப்பு. பிறகு மல்லிகாவின் அழுகுரல். என் நரம்பு மண்டலம் நான்கு மாதப் படிப்பை ஒரே நொடியில் மறந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

படியின் பாதியில் நின்றுவிட்டேன். கீழே பதினோரு பேர். ஆப்பிள் பைகள், பால்மா டின்கள், கோயில் தட்டு. நடுவில் பளபளவென்று, சந்தனம் பூசிய ஒரு மொட்டைத் தலை. அது சிவலிங்கம் மச்சான் என்று அடையாளம் காணவே எனக்கு நேரம் பிடித்தது. காலையில் மாரியம்மன் கோயிலில் எனக்காக முடி இறக்கிவிட்டு, வைத்தியர் என்னைத் தொடுவதற்கு முன் கையில் நூல் கட்டிவிட வேண்டும் என்று, மல்லிகாவையும் ஏற்றிக்கொண்டு நேரே வந்திருக்கிறார்கள். இதய கிளினிக் நர்ஸ் பதிவுக் கொப்பியை மூன்று தடவை புரட்டிப் பார்த்து, இந்தப் பெயரில் ஒருவர் இங்கே வந்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். என் தலைக்கு மேலே அந்தப் பெயர்ப்பலகை, மூன்று மொழிகளில்.

"அப்போ ஒங்களுக்கு ஹார்ட்ல..." என்று மல்லிகா தொடங்கினாள்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு" என்றேன்.

நலமாக இருப்பதற்காக இவ்வளவு வெட்கப்பட்ட மனிதன் கண்டியில் வேறு யாரும் இருக்க முடியாது. மச்சான் மெல்லத் தலையைத் தடவினார்.

"அப்போ என் முடி, மாப்ள?"

வேனில் வந்த யாரோ சிரித்துவிட்டார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்போதுதான் மல்லிகாவைக் கவனித்தேன். சுவரைப் பிடித்தபடி நின்றாள். மூச்சை இழுக்கிறாள், அது தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். நான்கு மாதத்துக்கு முன்பு, அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடியில் நான் பார்த்த என் முகம் அது.

ரிஸ்னா மிஸ் இறங்கி வந்தார். என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். மல்லிகாவைப் படியில் உட்காரவைத்து, பக்கத்தில் அமர்ந்தார்.

"தங்கச்சி, காலை நெலத்தில ஊண்டுங்க. மூச்ச இழுக்கப் பாக்க வாணாம். முதல்ல விடுங்க. மெல்ல... நான் இங்கதான் ஈக்கிறன்."

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு வந்தது. பேச்சும் வந்தது.

"நாலு மாசமா இவரு மூச்சத்தான் மிஸ் எண்ணிக்கிட்டிருந்தேன். தூங்குறப்போ ரொம்ப நீளமா விடுவாரு. அடுத்தது வருமா வராதான்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்."

நான் நிம்மதியாக விட்ட ஒவ்வொரு மூச்சுக்கும் பக்கத்தில் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். என் படபடப்பு எங்கும் போய்விடவில்லை, கட்டிலின் அந்தப் பக்கத்துக்குத்தான் மாறியிருக்கிறது. பதினோரு பேருக்கு முன்னால் அழுதேன். அதற்கு வெட்கப்படவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் வெட்கப்பட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை முதல், நேரம் மல்லிகாவின் பெயரில் பதிவானது. நான் மாடிப்படிக்குக் கீழே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன், தெருவில் போகிற எல்லோரும் பார்க்கும்படி. தெரிந்தவர்கள் கேட்டால் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் குரலைத் தாழ்த்தி, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று விசாரித்தார்கள்.

மச்சான் என்னை மன்னித்துவிட்டார். முடி மன்னிக்கவில்லை. முன்பக்கம் சரியாக முளைக்காமலேயே போய்விட்டது. (அவர் தகப்பனாருக்கும் வழுக்கைதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

போன வருடம் எனக்கு உண்மையாகவே டெங்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ரிப்போர்ட்ட வாட்ஸப்ல அனுப்புங்க மாப்ள. பாத்துட்டு வேண்டிக்கிறேன்."

அனுப்பினேன். அதன் பிறகுதான் குடும்பத்தில் எல்லோரும் முறைப்படி கவலைப்படத் தொடங்கினார்கள்.