கலண்டர் போட்ட இரண்டு மணிக் கூட்டம்

அன்று அந்த அறையில் இருந்தது சரியாக நான்கு பேர். மேசைக்குப் பின்னால் ஓர் இன்ஸ்பெக்டர், கதவடியில் துவக்கோடு ஒரு கான்ஸ்டபிள், வாங்குப் பலகையின் நுனியில் நான், அப்புறம் கலண்டர். யுத்த காலத்தில், யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொலிஸ் நிலையத்துக்கு நேரம் குறித்துப் போன தமிழர் இந்த இலங்கையிலேயே கலண்டர் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் கொஞ்சம் முந்திப் போய், வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு மணி அடித்த பிறகுதான் உள்ளே வந்தார்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுத மாட்டேன். யுத்தம் முடிந்து வருஷக்கணக்காகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருந்தாலும் எதற்கு வம்பு.

கலண்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். முன்னால் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கலண்டர்'. கட்டுகஸ்தோட்டையில் ஹாஜியாருடைய மின்சாரச் சாமான் மொத்தக் கடைக்கு மனேஜராக வந்தவர். கீழே ஸ்டோர், மேலே அலுவலகம். நான் புசல்லாவைப் பக்கத் தோட்டத்திலிருந்து எட்டாம் வகுப்போடு இறங்கி வந்து, பெட்டி தூக்கி, பிறகு பெட்டியை எண்ணி, கடைசியில் பெட்டியைப் பற்றி எழுதுகிற அளவுக்கு உயர்ந்திருந்தேன். கணக்குக்குச் சந்திராணி என்று ஒரு சிங்களப் பெண். ஹாஜியாரின் மகன் கொழும்பிலிருந்து மூன்று கம்பியூட்டர் கொண்டுவந்து மூன்று மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதோடு எங்கள் அலுவலகத்தில் பேச்சு நின்றது.

கலண்டர் யாருக்கும் வாயால் வேலை சொல்ல மாட்டார். எல்லாம் மின்னஞ்சலில் வரும். வந்தது கம்பியூட்டரில் உள்ள நாட்காட்டியில் போய் நீலக் கட்டமாக உட்காரும். கட்டத்துக்குள் என்ன வேலை, எத்தனை மணிக்கு, யார் பொறுப்பு எல்லாம் இருக்கும். அவருடைய மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு கதிரை போடத்தான் இடம். அந்தத் தூரத்தைக் கடக்க அவருடைய கட்டளை டெலிபோன் வயரில் ஏறி, கொழும்பு போய், அமெரிக்காவில் எங்கேயோ இறங்கி, அங்கிருந்து திரும்பி வரும். நடுவில் யாராவது கடைக்குப் போன் அடித்தால் லைன் அறுந்துவிடும். அவர் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் உட்கார்ந்திருப்பேன். வேலை கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

தேநீருக்கும் கட்டம் உண்டு, பத்தேகாலுக்கு. பையன் முந்திக் கொண்டுவந்து வைத்தால் அதைத் தொடமாட்டார். ஆடை கட்டி ஆறிப்போனதைப் பத்தேகாலுக்கு எடுத்து, சூடாகக் குடிக்கிறவர் மாதிரி ஊதி ஊதிக் குடிப்பார். அந்த மென்பொருள் எந்த வேலைக்கும் தானாக அரை மணித்தியாலம் ஒதுக்கிவிடும். அதைக் குறைக்கத் தெரியாமல் சந்திராணி பாத்ரூம் சாவிக்கு அரை மணித்தியாலம் கேட்டு எழுதினாள். அவர் அனுமதித்தார். அவள் இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தபோது கலண்டர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்த பார்வை, மீதி நேரத்தை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பது போல இருந்தது.

ஹாஜியாரையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முதலாளிக்கே ஒரு கட்டம் போட்டு, கால் மணித்தியாலம் முந்தி மணி அடிக்க வைத்தார். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டே என்னிடம் சொன்னார்: "பள்ளியில பாங்கு செல்றதுக்கு முந்தி இந்த மனுசன் செல்றார், வாப்பா. மௌத்துக்கும் நேரம் குறிச்சு அனுப்பிருவாரோ எண்டு பயமா ஈக்குது."

ஒரு நாள் என் கதிரைக்குப் பின்னால் சுவரில் பிளக் புகைந்தது. எனக்குத் தெரியாது. பக்கத்து மேசையில் இருந்த கலண்டருக்குத் தெரிந்தது. அவர் படபடவென்று தட்டச்சு செய்தார். என் திரையில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. அவசரம் என்பதற்கான சிவப்பு அடையாளம் பக்கத்தில். 'உமக்குப் பின்னால் புகை. உடன் கவனிக்கவும்.' நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் சந்திராணி ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். மூன்று கம்பியூட்டரும் இருண்டன. சேமிக்காத கட்டங்கள் போய்விட்டன என்று கலண்டர் அன்று முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் அவருக்கும் எனக்கும் இருந்த தகராறு வேறு. கட்டம் வந்தால் அதன் கீழே 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை நான் அழுத்த மாட்டேன். வேலையைச் செய்துவிடுவேன், பொத்தானை மட்டும் தொடமாட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதின தாளுக்குக் கையெழுத்து வைத்து உள்ளே போனார்கள். ஏற்றுக்கொள்கிறேன் என்று நான் அழுத்த, அது அமெரிக்கா வரைக்கும் போய்ப் பதிவாகி, நாளைக்கு யாராவது எடுத்து நீட்டினால் நான் என்ன சொல்வேன்?

"நீர் ஏன் இன்னும் அழுத்தேல்ல?" இது மட்டும் அவர் எப்போதாவது வாயால் கேட்பது. அத்தனை வயிற்றெரிச்சல்.

"வேலைய செஞ்சிட்டேங்க சார். அழுத்த மட்டும் சொல்லாதீங்க."

"அழுத்தாட்டி நீர் வாறீரோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்தா பக்கத்துல தானங்க சார் உக்காந்திருக்கேன்."

அதை அவர் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இன்னொரு பயம், மறந்துவிடுவேனோ என்று. அதனால் காலையில் அன்றைய கட்டங்களை அச்சடித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். இங்கேதான் கலண்டருடைய இன்னொரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். வேலையின் தலைப்பு சுருக்கமாக இருக்க வேண்டும், வாடிக்கையாளர் பெயர் அதில் வரவே கூடாது. தெருக்கோடிக் கடைக்காரன் எங்கள் ஓடர்களைப் பிடுங்குகிறான் என்று அவருக்குச் சந்தேகம். நாவலப்பிட்டியில் ஒரு ஹோட்டல்காரர், இருட்டினால் பெயர்ப்பலகை விளக்கு தானாக எரிய டைமர் சுவிட்ச் கேட்டிருந்தார். அதைச் சரிபார்த்து, பாலத்தைத் தாண்டி எங்கள் வேனில் ஏற்றினால், வேன் கண்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலில் அனுப்பும். இவ்வளவுதான் விஷயம். என் சட்டைப் பையில் இருந்த தாளில், அழகான ஆங்கிலத்தில், அது இப்படி இருந்தது:

'டைமர்களை செட் பண்ணுதல். பாலத்தடியில் பெட்டி கைமாறல். பெட்டி ரயிலில். முடிந்ததும் மேலிடத்துக்கு அறிவித்தல்.'

பாலத்தடியில் பொலிஸ் சோதனை. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. என்னைத் தடவிய கை சட்டைப் பையில் நின்றது. தாளை விரித்தவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பெட்டியை மெதுவாகக் கீழே வைக்கச் சொன்னார்கள். அவ்வளவு மெதுவாக நான் என் பிள்ளையைக்கூடக் கீழே வைத்ததில்லை.

பொலிஸ் நிலையத்தில் மேலிடம் யார் என்று கேட்டார்கள். கலண்டர் என்று வாய்வரை வந்துவிட்டது, விழுங்கினேன். இயக்கத்தில் இப்படித்தானே பட்டப்பெயர் வைப்பார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்குப் போதும், பொலிசுக்குப் போதாது. நான் திரும்பத் திரும்ப 'ஹோட்டல், லைட்' என்றேன். எந்த ஹோட்டலுக்கு வைக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். அதோடு நானும் வாயை மூடினேன். இரவுக்குள் யாரும் வராவிட்டால் என்னை வேறு இடத்துக்கு அனுப்புவதாகப் பேசிக்கொண்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களை நாங்கள் பிறகு படத்தில்தான் பார்த்திருக்கிறோம், அவர்களுடைய அம்மாமார் கையில்.

தாளின் அடியில் இருந்த கடை நம்பருக்கு அவர்கள் போன் அடித்தார்கள். ஹாஜியார் அக்குறணையில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தார். போனை எடுத்த சந்திராணி அழுதுகொண்டே கலண்டரிடம் விஷயத்தைச் சொன்னாளாம். அவர் கேட்டுவிட்டு, திரும்பிக் கம்பியூட்டரில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாராம். சந்திராணிக்கு வந்த கோபத்தில் ஆளைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது, நீ ஒரு மனிதனா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறாள். அவர் தட்டி முடித்து, சட்டையை உள்ளே விட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாராம். இது பிறகு அவள் சொல்லி எனக்குத் தெரிந்தது.

வந்தவரை முதலில் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். யாழ்ப்பாணத்து அட்டை அல்லவா. நேரம் போனது. திரும்பி வந்தபோது உள்ளே விட்டிருந்த சட்டை வெளியே கிடந்தது, கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். அவர் சட்டையைத் திரும்ப உள்ளே விட்டுக்கொண்டார். என் பக்கத்தில் உட்கார்ந்து, அரசாங்கப் பரீட்சைக்குப் படித்த புத்தகச் சிங்களத்தில் இன்ஸ்பெக்டருக்கு நாட்காட்டியை விளக்க ஆரம்பித்தார்.

அது விளக்கம் இல்லை, பாடம். கட்டம் என்றால் என்ன, பொறுப்பாளர் யார், மணி ஏன் முந்தி அடிக்கிறது, தலைப்பு ஏன் சுருக்கம். இன்ஸ்பெக்டர் முதலில் சந்தேகத்தோடு கேட்டார், பிறகு மரியாதைக்குக் கேட்டார், பிறகு கொட்டாவி விட்டார். நடுவில் கலண்டர் சுவரில் இருந்த கடமைப் பலகையைக் காட்டி, ஒரே கான்ஸ்டபிளை ஒரே நேரத்தில் வாசலிலும் பாலத்திலும் போட்டிருப்பதாகச் சொன்னார். கதவடியில் நின்ற கான்ஸ்டபிள் அவசரமாகத் தலையாட்டினான். அவன்தான் அந்த ஆள். ஹோட்டல்காரருக்குப் போன் அடித்து விசாரித்தார்கள். பெட்டியை யாரோ தைரியசாலி திறந்தான். இன்ஸ்பெக்டர் கையை வீசி எங்களைப் போகச் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். கலண்டர் எழவில்லை. விட்டதாக எழுதித் தாருங்கள் என்றார்.

"சார், வாங்க சார், போயிருவோம்," என்று முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வாங்குப் பலகையோடு ஒட்டிக்கொண்டார். திகதியும் முத்திரையும் வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்த பார்வையில் எங்கள் இருவரையும் உள்ளே போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த மனிதனை உள்ளே வைத்தால் ராத்திரி முழுக்கப் பாடம் எடுப்பான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஒரு தாளில் கிறுக்கி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

த்ரீவீலில் வரும்போது எழுதி வாங்குவது அவ்வளவு முக்கியமா என்று கேட்டுவிட்டேன். அவர் வெளியே மகாவலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு நாளில திரும்பலாமெண்டு சொல்லித்தான் யாழ்ப்பாணத்தில எங்களை வீட்டை விட்டு வெளிக்கிடச் சொன்னவங்கள். ஒருத்தரும் எழுதித் தரேல்ல."

பிறகு நேரம் பார்த்தார். நாலுமணிக் கட்டம் ஒன்று தவறிப்போனதில் அவருக்கு வருத்தம்.

மறுநாள் காலையில் என் கம்பியூட்டரைத் திறந்தேன். முந்தின நாள் திகதிக்கு ஒரு புதுக் கட்டம் வந்து காத்திருந்தது. சந்திராணி அழுதுகொண்டு நின்றபோது அவர் உட்கார்ந்து தட்டியது அதுதான். தலைப்பு: 'உம்மைக் கூட்டிக்கொண்டு வருதல்.' இடம்: பொலிஸ் நிலையம். நேரம்: இரண்டு மணி. வருகிறவர்கள்: அவரும் நானும். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி அடி வரைக்கும் வாசித்தேன். அங்கே, திரும்ப நடப்பது என்ற இடத்தில், 'தினமும்' என்று இருந்தது. முடிவுத் திகதி என்ற இடத்தில், 'இல்லை' என்று இருந்தது.

நான் பொத்தானை அழுத்தினேன்.

அது அமெரிக்கா போய்த் திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பக்கத்து மேசையில் 'டிங்' என்று கேட்டது. அவர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பிந்திப் போச்சு. பரவாயில்லை."

வாயால்தான் சொன்னார்.