சேனைக்கிழங்கு தெரியாத சம்பந்திக்கு

வடமதுரையில் பூக்கமிஷன் கடை நடத்தும் மதிப்பிற்குரிய சம்பந்தி சந்தியாகு அவர்களின் சமுகத்திற்கு, அப்படி அழைக்கும் உரிமை இன்னும் மிச்சமிருக்கிறதா என்று தெரியாத திண்டுக்கல் கஸ்பார் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி செபஸ்தியம்மாள், மகள் டெய்சி மூவரும் சுகம். அதாவது நான் சுகம், மற்ற இருவரும் என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அங்கு தங்கள் வீட்டில் அனைவர் சுகத்துக்கும், முக்கியமாகத் தங்கள் ரத்த அழுத்தத்துக்கும், ஆண்டவரை மன்றாடுகிறேன்.

ஐயா, இதற்கெல்லாம் காரணம் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்த நுகர்வோர் முகாம். வீட்டுத் தொலைபேசியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி, தொலைபேசி நிறுவனத்திடம் நமக்கு என்னென்ன உரிமை என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். நான் கேள்வி கேட்டேன். அதிகக் கேள்வி கேட்டவர் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார்கள். அன்று பிடித்தது சனி. இடி இடித்தால் தொலைபேசியைத் தொடக்கூடாது என்றார்கள், நான் மேகம் கறுத்தாலே அதன்மேல் செபஸ்தியம்மாளின் பழைய சேலையைப் போர்த்தினேன். முன்பின் தெரியாதவர் பிறந்த தேதி கேட்டால் சொல்லக்கூடாது என்றார்கள், நான் தெரிந்தவர்களுக்கே என் பெயரைச் சொல்வதை நிறுத்தினேன். மோசடிக்காரன் சொந்தக்காரன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவான், வீட்டு ஆளுக்கு மட்டுமே தெரிந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள் என்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் சிக்கமாட்டானா என்று நான் காத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், கைபேசியே வேண்டாம் என்று வைராக்கியமாக இருக்கும் தாங்கள், முதன்முதலாக உங்கள் கடைத் தொலைபேசியிலிருந்து என்னை அழைத்தீர்கள்.

தாங்கள் முறையாகத்தான் பேசினீர்கள். வடமதுரை சந்தியாகு என்று பெயர் சொன்னீர்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாயிற்று, மூன்றாம் ஓலைக்கு முன் டெய்சியின் ஞானஸ்நானத் தேதி வேண்டும், சான்றிதழில் மை பரவித் தெரியவில்லை என்று பங்குச் சாமியார் கேட்கச் சொன்னார் என்றீர்கள். பெண்ணின் தேதி, தாயார் முழுப்பெயர், ஊர். முகாமில் எதையெல்லாம் சொல்லக்கூடாது என்றார்களோ அதையெல்லாம் வரிசை மாறாமல் கேட்டீர்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டில் என்ன வெஞ்சனம் வைத்தோம் என்று கேட்டேன். தாங்கள் யோசித்து, உருளைக்கிழங்கு என்றீர்கள். பிறகு வாழைக்காயோ என்றீர்கள். அது சேனைக்கிழங்கு. அகப்பட்டான் திருடன் என்று நான் பேசிய பேச்சை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது, தங்களுக்கு நினைவிருக்கும். அன்று வெந்த வேகலில் அது என்ன கிழங்கு என்று சமைத்த தனக்கே தெரியவில்லை என்று செபஸ்தியம்மாள் இப்போது சொல்கிறாள். அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

அதோடு விட்டேனா? தொலைபேசித் திரையில் தெரிந்த உங்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தேன். எடுத்த பெண் விசாரிக்கிறோம் என்றாள். நான் நுகர்வோர் நீதிமன்றம் என்றேன். அந்த வார்த்தைக்கு இருக்கும் மரியாதையை அன்றுதான் பார்த்தேன். இரண்டே நாளில் உங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். வீட்டில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். டெய்சியும் ஒன்று தின்றாள், பாவம்.

மறுநாள் மாப்பிள்ளை பிராங்கிளின் அவளை அழைத்து விஷயத்தைச் சொன்னார். முகூர்த்த நாட்களில் தொலைபேசி இல்லாமல் கடைக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லையாம். தாங்கள் சொன்னதையும் சொன்னார்: “மூணாம் ஓலய வாசிக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி நான் யாருன்னு அந்த மனுசன் ஒத்துக்கணும். போன்ல வேணாம், மறுபடி என்னத்தயாச்சும் கேப்பாரு. எழுதித் தரட்டும்.” டெய்சி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

உடனே நிறுவனத்தை அழைத்து, அந்த எண்ணின் உரிமையாளர் உத்தமர், இணைப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அதே பெண். சரிபார்க்க என் பிறந்த தேதியைக் கேட்டாள். பழக்கதோஷத்தில் அவளையும் திட்டி வைத்துவிட்டேன். மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டுத் தேதியைச் சொன்னேன். “லைன் அவங்களோடது சார், அவங்கதான் வந்து கேக்கணும். நீங்க அவருக்கு என்ன ஒறவு?” என்றாள். சம்பந்தி என்றேன். “கல்யாணம் ஆயிருச்சா?” என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் தங்கள் கையில் இருக்கிறது ஐயா.

நேரில் வந்து காலில் விழுந்திருப்பேன். செபஸ்தியம்மாள் விடவில்லை. “அவரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, நீங்க யாருன்னு அவருகிட்டயே கேப்பீங்க” என்கிறாள். ஆகவே எழுத்தால் ஒப்புக்கொள்கிறேன். தாங்கள் சந்தியாகுதான். என் மகளை மருமகளாகக் கேட்ட பெரிய மனிதர்தான். காரணம் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்ததற்காகத் தாங்கள் நிறுவனத்தின்மேல் போடவேண்டிய மனுவையும் நானே எழுதி வைத்திருக்கிறேன், என்னைப் பற்றிக் கடுமையாகவே எழுதியிருக்கிறேன். இனி தொலைபேசியில் யாரையும் சந்தேகப்படமாட்டேன், இது சத்தியம். தங்கள் இல்லத்தார்க்கு என் தோத்திரமும், மாப்பிள்ளைக்கு ஆசீரும், மாதாவின் அடைக்கலம் நம் இரு வீட்டுக்கும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
கஸ்பார்

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. “சம்பந்தி, நடந்தத விடுங்க. ஞாயித்துக்கெழம ஓலய வாசிச்சிருவோம். அந்தத் தேதிய மட்டும் சொல்லுங்க” என்று ஒரு குரல். அழுதுவிட்டேன். தேதியைச் சொல்ல வாயெடுத்தபோதுதான், உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறதே, நீங்கள் எப்படிப் பேச முடியும் என்று உறைத்தது. பிறகு பேசியதையும் எழுத முடியாது. பசைக் கையோடு புகாரும் கொடுத்துவிட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் பிறந்த தேதியைக்கூடக் கேட்கவில்லை. டெய்சி வந்து திரையில் எண்ணைப் பார்த்தாள். அது வடமதுரைச் சாமியார் பங்களா எண்ணாம். தாங்கள் அங்கே போய்ப் பேசியிருக்கிறீர்கள்.

நாளை மறுநாள் சாமியாரின் தொலைபேசியும் பேசாது. கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது முறையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் டெய்சி இந்தக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கிறாள். வாசலில் வந்து நிற்பவள் என் மகள்தான். தங்களுக்குச் சந்தேகம் இருந்தால் என்ன கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். ஞானஸ்நானத் தேதியை அவளே சொல்வாள்.