பிள்ளைத்தாச்சி மாத்திரையில் சாம்பிள் பார்த்தவன்

மருந்துச் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் கம்பவுண்டர் மகராசரே, உம்மைத்தான் சொல்கிறேன். கூட ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உமக்கு வாய் தேய்ந்தா போயிருக்கும்?

மாசமாக இருக்கிற என் மனைவி பேச்சியம்மாளை விருதுநகரில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"உடம்புல ரத்தமே இல்ல. இப்படியே விட்டா பிரசவத்துல தாங்கமாட்டா. இரும்புச்சத்து மாத்திரை எழுதுறேன். ஒரு நாள்கூட விடக்கூடாது."

சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். உம்மிடம் ஓடிவந்தேன். பொட்டலத்தை நீட்டினீர். "சாப்பாட்டுக்குப் பெறகு ஒண்ணு" என்றீர். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்.

வீட்டில் பேச்சி அந்த மாத்திரையைப் பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இரும்பைப் போயி யாராச்சும் திம்பாகளா? வயித்துப் பிள்ளைக்கு என்னமும் ஆயிட்டா?"

நான் மிளகாய் வத்தல் தரகன். வாங்க வந்தவன் சந்தேகப்பட்டால், மூட்டையில் கைவிட்டு ஒரு வத்தலை எடுத்து அவன் கண்ணெதிரே கடித்துத் தின்போம். கண்ணில் நீர் கொட்டினாலும் சிரிப்போம். சரக்கு நகர்ந்துவிடும்.

அதே புத்திதான். "இந்தா பாரு" என்று ஒன்றை விழுங்கிக் காட்டினேன்.

அவளும் விழுங்கினாள். "ஆனா நாளைக்கும் நீங்க தின்னாத்தான் நான் திம்பேன்" என்றாள். தரகன் பெண்டாட்டி அல்லவா.

தினமும் ஜோடியாக இரும்பு தின்றோம்.

ஒரு காலையில் கருவேலங்காட்டுப் பக்கம் வெளிக்கு ஒதுங்கியவன் குனிந்து பார்த்தேன். ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி கறுப்பு. குடல் வெந்துவிட்டது, பிள்ளை முகம் பார்க்காமலே போகப் போகிறேன் என்று அங்கேயே அழுதேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன். பிறகு பேசிப் பேசிச் சேவலுக்குக் குறைத்தேன்.

வீட்டில் சொன்னதும் பேச்சி உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தாங்க இருக்கு. சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

பொட்டலம் கூரை எரவானத்துக்குப் போனது. நான் டாக்டரம்மாவிடம் ஓடினேன். பிள்ளைத்தாச்சிகள் வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்க் கத்தினேன்.

"இரும்பு மாத்திரைன்னா கறுப்பாத்தான் போகும். பயப்பட ஒண்ணுமில்ல. கம்பவுண்டர் சொல்லலையா?" என்றார் நிதானமாக. "அவ திங்குறது சரி. உங்களுக்கு இது எத்தனாவது மாசம்?"

வெளியே வரிசை மொத்தமும் சிரித்தது.

வீட்டுக்கு வந்து விளக்கினேன். பேச்சி அசையவில்லை.

"புழு வச்ச வத்தலையும் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் நல்ல சரக்குன்னு விப்பீக."

"மறுபடி தின்னு காட்டவா?"

"நீங்க தின்னது போதும். கையில எடுத்துக் குடுத்தவரு வந்து சொல்லட்டும். அப்பத் திங்குறேன்."

ஆகவே மகராசரே, மாத்திரை இன்னும் எரவானத்தில்தான் இருக்கிறது. அவள் நகக்கண் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இன்றைக்கே சன்னலைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வாரும். அன்று விழுங்கிய அந்த ஒரு வார்த்தையை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும். வண்டிக்கூலி நீர் கேட்டதைத் தருகிறேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பேரம் பேச மாட்டேன்.