செவலைக்கு வந்த வருத்தம்

அந்த ஆண்டு மாரி பிறக்க முன்னமே நாவல்முறிப்பில் வெள்ளம் வந்துவிட்டது. தண்ணீர் வெள்ளம் அல்ல, சன வெள்ளம். முள்ளியவளையிலிருந்து மாட்டுக் கரத்தை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து நடந்து வந்தார்கள். பூநகரிக் கரையிலிருந்து ஒரு கூட்டம் கட்டுச்சோற்றோடு வந்து இறங்கியது. வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் ஒரு பழங்கயிறு. விபரம் தெரியாதவன் பார்த்தால், ஊரோடு தூக்குப் போடப் புறப்பட்டிருக்கிறார்கள் என்று பயந்திருப்பான். பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள்.

மாடு எங்கே என்று கேட்கக்கூடாது. கயிற்றுச் சாமிக்கு மாடு தேவையில்லை, மாட்டைக் கட்டின கயிறு போதும். கயிற்றின் நுனியைக் காதில் வைப்பார், கண்ணை மூடுவார், அம்மாள் தெய்வம் கயிற்றுக்குள்ளால் பேசுவா. தபால் கந்தோர் ரெலிபோனிலே கூட இரைச்சல்தான் கேட்கும். சாமியின் கயிற்றிலோ அம்மாள் கணீரென்று பேசினா. மாட்டின் நிறம், கொம்பின் வளைவு, எந்தக் காலில் நோவு, மாட்டுக்காரன் எந்த வேலிக்காக மச்சானோடு சண்டை பிடித்தான் என்பது வரைக்கும் சொன்னா. சனம் வாயைப் பிளந்தது.

அந்த நேரத்தில் வன்னி முழுக்கத் தொண்டை அடைப்பான். காலையில் வைக்கோல் தின்ற மாடு பின்னேரம் கழுத்து வீங்கி, மூச்சு முட்டி விழுந்தது. உழவு தொடங்கவேண்டிய மாதம். மாடு போனால் வயல் போகும், வயல் போனால் அடுப்புப் போகும்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லப்படாது. நாவல்முறிப்புக்கு அது மூன்று பாக்கியங்களை அருளியிருந்தது. ஒன்று, நினைத்த நேரத்தில் வரும் சிவப்பு பஸ். இரண்டு, கிராமச் சங்கம் நாட்டிய மண்ணெண்ணெய்த் தெருவிளக்குகள். மூன்று, முல்லைத்தீவிலிருந்து ஊசிப் பெட்டியோடு வரும் மாட்டு டாக்குத்தர். இந்த மூன்றையும் மேற்பார்வை பார்க்க ஆண்டுக்கு ஒருதரம் ஒரு ஜீப் வரும். ஜீப்பிலிருந்து இறங்குகிற பெரியவர் இளநீர் குடிப்பார், விளக்குக் கம்பத்தைத் தட்டிப் பார்ப்பார், ஏறிப் போய்விடுவார்.

கயிற்றுச் சாமி இந்த மூன்றையும் ஒரே மூச்சில் தீர்த்துவைத்தார்.

“பஸ் ஊருக்குள்ளை வந்து கோண் அடிக்க அம்மாள் திடுக்கிட்டா. தெருவிளக்கு வெளிச்சம் அவவின்ரை கண்ணைக் குத்திச்சுது. அந்தக் கோவம்தான் மாட்டிலை இறங்கியிருக்கு. இனி ஊசியும் குத்தினால் ஊரே மிஞ்சாது!”

அன்றிலிருந்து பஸ் ஊருக்கு வெளியே மதகடியோடு நின்றது. ஊசிப் பெட்டியோடு வந்த டாக்குத்தருக்குச் சாணி அபிஷேகம் நடந்தது. தெருவிளக்குகளை அணைக்கக் கிராமச் சங்கச் சேர்மன் ஏரம்பர் உடனே உத்தரவிட்டார். மண்ணெண்ணெய் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று எவரும் கேட்கவில்லை. சேர்மன் வீட்டில் இரண்டு பெற்றோல்மாக்ஸ் விளக்குகள் பகல்போல எரிந்ததை ஊரே பார்த்தது. அந்த வெளிச்சம் அம்மாளின் கண்ணைக் குத்தவில்லை போலும்.

நாகேஸ்வரியின் வீட்டில் இரண்டு எருதுகள். ஒன்று கறுவல், மற்றது மயிலை. அவள் புருசன் தில்லைநாதன் நல்ல உழவன், அதைவிட நல்ல பக்தன். சாமி சொன்னபடி கறுவலைக் கொண்டுபோய், சாமியின் கொட்டிலடியில் இருந்த மந்திரத் தொட்டியில் தீர்த்தம் குடிக்கவிட்டான். நோய் பிடித்த மாடுகளும் பிடிக்காத மாடுகளும் வாய் வைத்த தொட்டி அது. கறுவல் நல்லாய்த்தான் போனது. கழுத்தில் மஞ்சள் நூலோடு திரும்பி வந்தது. மூன்றாம் நாள் அந்த நூலே இறுக்குகிற அளவுக்குக் கழுத்து வீங்கியது. நாகேஸ்வரி நூலை அறுத்து எறிந்துவிட்டு, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது கண்ணை மூடவில்லை, அவளைப் பார்த்தபடியே போய்விட்டது.

“நீ நூலை அறுத்தாய், அதுதான் செத்தது,” என்றான் தில்லைநாதன்.

அவள் குழி தோண்ட மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அடுத்த கிழமை அவன் மயிலையின் கயிற்றையும் கொண்டு போனான். திரும்பி வரும்போது முகம் வெளிறியிருந்தது.

“எடியே, மயிலையை அம்மாள் கேட்டிட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ளை அவவின்ரை பட்டியிலை கொண்டுபோய் விட வேணுமாம்.”

“மயிலைக்கு என்ன நோய், என்ன வருத்தம்? வைக்கோல் போரையே விழுத்தித் தின்னுது.”

“அதுதான் அம்மாளுக்குப் பிடிச்சிருக்கு. குடுக்காட்டி வீட்டிலை ஆள் மிஞ்சாதாம்.”

நாகேஸ்வரிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. சாகக் கிடந்த மாடு ஒன்றையும் அம்மாள் இதுவரை கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கன்றுத்தாய்ச்சிப் பசு, ஊர் அதிகாரி விதானையாரின் வண்டில் மாடு என்று கொழுத்ததாய்ப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறா. அந்தப் பட்டியை எவரும் கண்டதுமில்லை. பார்த்தால் கண் அவிந்துவிடும் என்பது சாமி வாக்கு.

“சாமிக்கு எங்கடை மயிலையைப் பற்றி எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

“கயிறு சொன்னது.”

“அதுக்கு முன்னம் நீங்கள் ஆரோடை கதைச்சனீங்கள்?”

“ஒருத்தரோடையும் இல்லை. வரிசை நீளம், பாலன்ரை தேத்தண்ணிக் கடையிலை குந்தியிருந்தனான். பாவம், நல்ல பொடியன். மாட்டைப் பற்றி எவ்வளவு அக்கறையா விசாரிச்சவன் தெரியுமே!”

நாகேஸ்வரி புருசனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள்.

“சரி. வெள்ளிக்கிழமை நானும் ஒரு கயிறு கொண்டு வாறன். அந்தக் கயிற்றுக்குச் சாமி சரியாச் சொல்லட்டும். மயிலையை நானே கொண்டுபோய் விடுறன்.”

மறுநாள் அவள் மதகடிக்குப் போனாள். பஸ் அங்கே பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. கொண்டக்டர் ஜமால்தீன் மதகில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். முல்லைத்தீவுப் பொடியன், வாய் ஓயாதவன்.

“அக்கா, உங்கடை சாமியாலை சனம் எல்லாம் மூட்டையோடை இதிலையிருந்து நடக்குதுகள். என்னைத்தான் ஏசுதுகள்.”

“தம்பி, பஸ்ஸுக்கு மேலை சாமான் கட்டுற கயிறு ஒண்டு தாரும். வெள்ளிக்கிழமை பஸ் வரேக்கை சாமியின்ரை கொட்டிலுக்கு வந்து திருப்பிக் கேட்டு வாங்கும்.”

“எதுக்கு?”

அவள் சொன்னாள். ஜமால்தீன் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. கயிற்றை அவனே ஏறி அவிழ்த்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை நாகேஸ்வரி நேரே பாலன் கடைக்குப் போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தாள். பாலன் ஓடி வந்தான்.

“என்னக்கா? மயிலைக்கோ?”

“மயிலை இல்லைத் தம்பி. இது செவலை. வயசு போனது, கை மாறி வந்தது. காலமையிலை எழும்புதில்லை, நாலு பேர் பின்னாலை நிண்டு தள்ளவேண்டியிருக்கு.”

“ஐயோ!”

“தண்ணி ஊத்த ஊத்தக் குடிக்குது. ஒரே உறுமல். பின்னங்கால் ஒண்டு சரியில்லை. பின்பக்கத்தாலை கறுப்பாப் போகுது.”

“கழிச்சலோ?”

“நீரே யோசிச்சுப் பாருமன்.”

பாலன் யோசிக்கவில்லை. தேத்தண்ணியை அவள் முன் வைத்துவிட்டு, சாமிக்கு வெந்நீர் கொண்டுபோகிறேன் என்று கேத்திலோடு கொட்டிலுக்குள் நுழைந்தான். நாகேஸ்வரி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால் அவள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தாள்.

அவளுடைய முறை வந்தபோது கொட்டிலைச் சுற்றித் தலைகள். சேர்மன் ஏரம்பர் சாமிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். தில்லைநாதன் முன்வரிசையில் கைகூப்பி நின்றான். நாகேஸ்வரி கயிற்றை நீட்டினாள். சாமி நுனியைக் காதில் வைத்தார். உடம்பு ஒருதரம் குலுங்கியது.

“செவலை!”

சனம் “அரோகரா” என்றது.

“கிழடு. கை மாறி வந்தது. தண்ணி குடிச்சு மாளுதில்லை. பின்னங்காலிலை நோவு. கறுப்புக் கழிச்சல். காலமை எழும்பாது, தள்ளித்தான் எழுப்ப வேணும். சரியோ பிள்ளை?”

“அச்சொட்டா அதுதான் சாமி,” என்றாள் நாகேஸ்வரி. தில்லைநாதனுக்குப் புல்லரித்தது.

“சாமி, சினைப்பட்டிருக்குமோ எண்டும் ஒரு யோசினை. வயிறு முட்டத்தான் நிக்குது.”

சாமிக்கு இதைப் பற்றிப் பாலன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் கேட்ட பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பலாமா? கயிற்றை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“சினைதான். தை பிறக்கப் பசுக்கன்று போடும். உன்ரை வீட்டிலை பால் ஆறா ஓடும்!”

இந்த நேரம் பார்த்து மதகடியில் கோண் சத்தம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜமால்தீன் வந்தான்.

“அக்கா, எங்கடை கயிறு! மூட்டை கட்ட வேணும்.”

“ஆரின்ரை கயிறு?” என்றார் சேர்மன்.

“பஸ்ஸின்ரை கயிறு ஐயா. பஸ்ஸுக்கு மேலை கட்டுறது. மாட்டை இது கண்ணாலையும் காணேல்லை.”

நாகேஸ்வரி சனத்தின் பக்கம் திரும்பினாள்.

“அந்தா மதகடியிலை நிக்குது செவலை! தண்ணி ஊத்தி, தள்ளி எழுப்பி, பின்னாலை கறுப்பாப் புகை விட்டுக்கொண்டு. இந்தக் கதையை நான் பாலனுக்கு மட்டும்தான் சொன்னனான். அவனுக்குச் சொன்னதை அம்மாள் சொன்னா. அவனுக்குச் சொல்லாத சினையை அம்மாள் பிழையாச் சொன்னா. தை பிறக்கட்டும், பஸ் கன்று போடுதோ பாப்பம்!”

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு பூநகரிக்காரர் சிரித்தார்கள். பிறகு கொட்டிலே குலுங்கியது. சாமி இலேசில் விடுவாரா?

“மூடச் சனங்காள்! அந்த பஸ் போன பிறப்பிலை ஒரு செவலைப் பசு!”

இதைக் கேட்டதும் இரண்டு பேர் பஸ் நின்ற பக்கம் பார்த்துக் கும்பிட்டதை நாகேஸ்வரி தன் கண்ணாலே கண்டாள்.

“இருக்கலாம்,” என்றார் சேர்மன்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கொட்டிலுக்குப் பின்னால் போகிற ஒற்றையடிப் பாதையில் விறுவிறென்று இறங்கினாள். “எடியே, கண் அவிஞ்சிடும்!” என்று தில்லைநாதன் கத்தினான். கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். அவன் பின்னால் சனம்.

பாலைமரங்களுக்கு நடுவே முள்வேலிப் பட்டி. உள்ளே அம்மாள் கேட்ட மாடுகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன. சொந்தக்காரரின் பழைய சூட்டுக் குறிகளுக்கு மேலே புதுக் குறி சுட்டிருந்தது. காயம் இன்னும் ஆறவில்லை. வேலியோரம் வவுனியாவிலிருந்து வந்த லொறி ஒன்று பலகை இறக்கி நின்றது. லொறிக்காரன் இவ்வளவு சனத்தைக் கண்டு திகைத்து, “யோகலிங்கம் அண்ணை எங்கை? மாடுகளை ஏத்தச் சொன்னவர்,” என்றான்.

சாமிக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. வண்டில் மாட்டை இழந்திருந்த விதானையார் பட்டிக்குள் பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தார். எவருடைய கண்ணும் அவியவில்லை. பல கண்கள் அப்போதுதான் திறந்தன.

யோகலிங்கம் அதற்குள் மதகடிக்கு ஓடி, தான் சபித்த பஸ்ஸிலேயே ஏறிக் கடைசிச் சீற்றில் குனிந்து இருந்தார். பாலனும் பக்கத்தில். சாரதி திறப்பைத் திருகி பஸ்ஸைக் கிளப்பப் பார்த்தார். பஸ் உறுமியது, இருமியது, நின்றது.

“இறங்கித் தள்ளுங்கோ சாமி,” என்றான் கயிற்றோடு திரும்பி வந்திருந்த ஜமால்தீன். “கர்ப்பிணி, பாத்துத் தள்ளுங்கோ.”

அவர் இறங்குவதற்கிடையில் சனம் வந்துவிட்டது. அடிக்கக் கை ஓங்கியவர்களை விதானையார் தடுத்து, இரண்டு பேரையும் பொலிசில் ஒப்படைக்கக் கொண்டுபோனார். சேர்மன் ஏரம்பர், “எனக்கு முதலே சந்தேகம்,” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பின்னேரமே தெருவிளக்குகளைக் கொளுத்த உத்தரவு வந்தது. அன்று அவர் வீடு இருட்டாகக் கிடந்தது.

திங்கட்கிழமை மாட்டு டாக்குத்தர் வந்தார். சாணி பட்ட அதே காற்சட்டை. முதல் வேலையாக மந்திரத் தொட்டியைக் கவிழ்த்து உடைக்கச் சொன்னார்.

“வருத்தக்கார மாட்டின்ரை வாய்நீர் இதுக்குள்ளை. நோயைத் தேடிப்போய்க் குடிக்கக் குடுத்திருக்கிறியள்,” என்றார்.

தில்லைநாதன் தலையைக் குனிந்துகொண்டு மயிலையின் கொம்பைப் பிடித்தான். ஊசி இறங்கும்போது மெல்லக் கேட்டான்.

“டாக்குத்தர், இனி இது சாகாதுதானே?”

“அப்படிச் சத்தியம் பண்ண என்னாலை ஏலாது. நோய் ஏற்கெனவே உள்ளுக்குப் போயிருந்தால் ஊசி ஒண்டும் செய்யாது. மற்றதுகளைப் பெரும்பாலும் காப்பாத்தும்.”

தில்லைநாதனுக்கு ஏமாற்றம். மனைவியின் காதுக்குள் சொன்னான்.

“சாமி எண்டால் உறுதியாச் சொல்லியிருப்பார்.”

“ஓம். கறுவலுக்கும் உறுதியாத்தான் சொன்னவர்,” என்றாள் நாகேஸ்வரி.

அவன் மயிலையின் கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மயிலை தப்பியது. ஊரில் பாதி மாடுகள் தப்பின. மற்றப் பாதி, ஊசியைச் சாணியால் அடித்துத் துரத்திய கிழமைகளிலேயே போய்விட்டிருந்தன.

மாட்டுக்கு அடைப்பான் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. மனிதனுடைய மூளை அடைபட்டால் போட ஊசி இன்னும் எந்தத் தேசத்திலும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கும் வரைக்கும் தன் மூளையை அவனவன்தான் பாவித்துப் பழுதாகாமல் வைத்திருக்க வேண்டும்.